இரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் சவரமும்

இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோருக்குச் சவரத்தின்போது சிறு வெட்டு ஏற்பட்டாலும் இரத்தம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கசியும். அந்த வெட்டு அரிதாகவே ஆபத்தில் முடியும். ஆனால் அதைக் கண்டு அஞ்சி, மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, வெட்டுப்படாமல் மழிப்பது எப்படி, வெட்டுப்பட்டால் இரத்தத்தை நிறுத்துவது எப்படி, எப்போது மருத்துவமனைக்குச் செல்வது என்ற மூன்றையும் இம்மருந்து உட்கொள்வோரும் அவர்களது குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும். இக்கட்டுரை விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையில் வாழ்வோரின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகிறது.

இரத்தம் உறையும் விதம்

தோலில் வெட்டு விழுந்தவுடன் உடல் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலில், வெட்டுப்பட்ட நுண்ணிய இரத்தக்குழாய் சுருங்குகிறது. இரண்டாவதாக, இரத்தத் தட்டுகள் அவ்விடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்கின்றன. மூன்றாவதாக, உறைதல் காரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் ஃபைப்ரின் என்னும் இழைகளை உண்டாக்குகின்றன. இந்த இழைகள் வலைபோல் பின்னி அடைப்பை உறுதியாக்குகின்றன. ஆரோக்கியமான ஒருவருக்குச் சவர வெட்டில் இவை அனைத்தும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

'இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை' என்று பேச்சுவழக்கில் சொல்வது சரியன்று. இம்மருந்துகளால் இரத்தம் நீர்த்துப் போவதில்லை. மேற்சொன்ன இரண்டாம் வேலையையோ மூன்றாம் வேலையையோ அவை மெதுவாக்குகின்றன. அதனால் இரத்தம் உறையாமலே போய்விடாது. உறைவதற்குக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவே.

மருந்து வகைகள்

இம்மருந்துகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. இரத்தத் தட்டுகள் ஒட்டுவதைத் தடுப்பவை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிகாகிரெலார் போன்றவை. மாரடைப்பு வந்தவர்களுக்கும், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் தரப்படுகின்றன. ஆஸ்பிரின் ஒரு தட்டின் ஆயுள் முழுவதும், அதாவது 7 முதல் 10 நாள்வரை, அத்தட்டைச் செயலிழக்க வைக்கிறது.

2. வைட்டமின் கே-யின் செயலைத் தடுப்பவை: வார்ஃபரின், அசினோகூமரால். கல்லீரலில் 2, 7, 9, 10 ஆகிய எண்களுடைய உறைதல் காரணிகள் முழுமையாக உருவாக வைட்டமின் கே தேவை. இம்மருந்துகள் அதைத் தடுக்கின்றன. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இவற்றையே உட்கொள்ள வேண்டும்.

3. நேரடி உறைவுத் தடுப்பிகள்: டாபிகட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான். இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கும், கால் சிரைகளில் உண்டாகும் இரத்தக் கட்டிக்கும் தரப்படுகின்றன. செயற்கை உலோக வால்வு உள்ளவர்களுக்கு இவை ஏற்றவை அல்ல.

இரண்டாம் வகை மருந்தின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்கியது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் பூஞ்சை பிடித்த இனிப்பு குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள், கொம்பு நீக்குவது போன்ற சிறு காயங்களிலேயே இரத்தம் நிற்காமல் இறந்தன. இதற்குக் காரணமான பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழுவினர் 1939இல் பிரித்தெடுத்தனர். அதிலிருந்து உருவான வார்ஃபரின் 1948இல் எலிக்கொல்லியாகவும், 1954இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் இம்மருந்து தரப்பட்டது. 'எலி மருந்தைத் தருகிறார்கள்' என்று கேள்விப்பட்டு மாத்திரையை ஒதுக்குவோர் உண்டு. விளைவைத் தீர்மானிப்பது அளவுதான். மருத்துவர் இரத்தப் பரிசோதனை பார்த்து அளவை வகுத்துத் தரும்போது அதே பொருள் உயிர் காக்கும் மருந்தாகிறது.

தமிழ்நாட்டில் பயன்பாடு

தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் சிறுவயதிலேயே இதய வால்வுகளைக் கெடுத்துவிடும். நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழைக் குடும்பங்களில் இந்நோய் அதிகம். இத்தகையோருக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவிலேயே உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. விலை குறைந்த வால்வு கிடைத்ததால் உழைக்கும் மக்களும் வால்வு மாற்று அறுவை செய்துகொள்ள முடிந்தது. அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரையும் தேவைப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. இவ்வாறு இம்மருந்துகள் சிற்றூர்வரை வந்துவிட்டன. அவற்றோடு எவ்வாறு வாழ்வது என்ற அறிவும் சிற்றூர்வரை செல்ல வேண்டும்.

உப்பளக் கரையின் சூழல்

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடியும் இடமும் இதுவே. மழைக்காலம் நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதி இங்கே உப்பு விளைகிறது. இத்தொழில் செய்வோருக்குச் சவரத்தில் நான்கு இடர்கள் கூடுதலாக உள்ளன.

முதலாவது, தோல். வெயிலும் உப்புக் காற்றும் முகத்தோலை உலரவைத்துச் சொரசொரப்பாக்குகின்றன. உலர்ந்த தோலில் பிளேடு வழுக்கிச் செல்லாமல் சிக்கி வெட்டும்.

இரண்டாவது, தண்ணீர். கடலோரத்தில் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு சரியாக நுரைக்காது. நுரை இல்லாமல் மழித்தால் வெட்டு நிச்சயம். சவரத்துக்கு மட்டுமாவது ஒரு சொம்பு நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பிளேடு. உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்து மழுங்கிய பிளேடு முடியை அறுக்காமல் இழுக்கும். குளியலறைச் சன்னலில் ரேசரை வைப்பதைத் தவிர்த்து, துடைத்து உலர்த்தி மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

நான்காவது, பாத்தி நீர். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. பாத்தியில் உப்பு படியத் தொடங்கும்போது அந்நீரில் உப்பு சுமார் 25 விழுக்காடாக, அதாவது கடல்நீரைப்போல் ஏழு மடங்காக இருக்கும். புதிய வெட்டில் இந்நீர் பட்டால் எரிச்சல் மிகும். உப்புத் தண்ணீர் பட்டால் இரத்தம் நின்றுவிடும் என்று எண்ணி முகத்தில் அடித்துக்கொள்ளக் கூடாது. அது காயத்தைப் புண்ணாக்கும், வியர்வையும் அழுக்கும் அதனுடன் சேரும். ஆகவே உப்பளத்துக்குப் புறப்படும் விடியற்காலையில் மழிப்பதைவிட, வேலை முடிந்து குளித்தபின் மாலையில் மழிப்பதே சிறந்தது. வெட்டுப்பட்டாலும் அது ஆறத் தொடங்க ஓர் இரவு கிடைக்கும்.

மாத்திரை போடுவதற்கு முன்பு மழித்தால் இரத்தம் வராது என்று சிலர் கருதுகின்றனர். வார்ஃபரின், ஆஸ்பிரின் போன்றவற்றின் விளைவு பல நாள் நீடிப்பதால், அன்றைய மாத்திரைக்கு முன்பா பின்பா என்பதால் வேறுபாடு எதுவுமில்லை. ஒரு வேளை மாத்திரையைத் தள்ளிப்போடுவதாலும் பயனில்லை.

சவரக் கருவி

மின்சாரச் சவரக் கருவியே இம்மருந்து உட்கொள்வோருக்கு முதல் தேர்வு. அதன் வெட்டும் பகுதி ஒரு மெல்லிய சல்லடைத் தகட்டுக்குப் பின்னால் இருப்பதால் பிளேடு நேரடியாகத் தோலில் படுவதில்லை. டிரிம்மர் ஒட்ட மழிக்காது. இரண்டு நாள் தாடிபோல் சிறு முடி மிஞ்சும். அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு அதுவே போதும். இவற்றையும் அழுத்தித் தேய்த்தால் தோல் சிராய்க்கும்.

மின்கருவி வாங்க இயலாதவர்கள், தோலுக்கும் பிளேடுக்கும் இடையே காப்பு உள்ள ரேசரைப் பயன்படுத்தலாம். 1904இல் கில்லெட் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேசரின் கருத்து இதுவே: பிளேடின் விளிம்பு மட்டும் சிறிதளவு வெளியே தெரியும். மடக்குக் கத்தியையும், காப்பில்லாமல் பிளேடு பொருத்திய பிடியையும் வீட்டில் தாமே பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். ஒருவரது ரேசரை மற்றொருவர் பயன்படுத்தவே கூடாது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய கல்லீரல் தொற்றுகள் இரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக்கூடும்.

முடி நீக்கும் களிம்பைப் பயன்படுத்த விரும்புவோர் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்து, தடிப்போ எரிச்சலோ இல்லையென்றால் மட்டும் பயன்படுத்தலாம். கை, கால் முடியை மழிக்கும் பெண்களுக்கும் இப்பகுதியில் சொன்ன அனைத்தும் பொருந்தும். கணுக்கால், முழங்கால் எலும்பு மேட்டில் வெட்டு எளிதில் விழும்.

மழிக்கும் முறை

1. நல்ல வெளிச்சத்தில், உட்கார்ந்து மழிக்க வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் அணிந்துகொண்டே மழிக்கலாம். கை நடுங்குபவர்கள் மின்கருவியையே பயன்படுத்த வேண்டும், அல்லது பிறரது உதவியைப் பெற வேண்டும்.

2. குளித்த பின்பு, அல்லது வெந்நீரில் நனைத்த துணியை முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்த பின்பு தொடங்க வேண்டும். நனைந்த முடி மென்மையாகும்.

3. சோப்பு அல்லது கிரீமை நன்கு நுரைக்கத் தடவ வேண்டும்.

4. முடி வளரும் திசையிலேயே குறுகிய இழுப்புகளாக இழுக்க வேண்டும். வழவழப்பாக வர வேண்டும் என்று எதிர்த் திசையில் இரண்டாம் முறை இழுக்கும்போதுதான் வெட்டு மிகுதியாக விழுகிறது. அதைக் கைவிடுவதே பாதி பாதுகாப்பு.

5. பரு, மச்சம், மரு ஆகியவற்றைச் சுற்றிச் செல்ல வேண்டும்.

6. ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் பிளேடை அலச வேண்டும். இழுக்கும்போது தடுக்கினால் பிளேடை மாற்ற வேண்டும்.

7. முடிந்ததும் குளிர்ந்த நல்ல நீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும்.

சபரிமலைக்கு மாலை அணிந்து 41 நாள் மழிக்காதிருந்தவர்கள், விரதம் முடிந்தபின் அடர்ந்த தாடியில் நேரே பிளேடு போடாமல், முதலில் டிரிம்மராலோ கத்தரியாலோ முடியைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சலூனிலும் கோயிலிலும்

சலூனுக்குச் செல்பவர் நாற்காலியில் அமர்ந்தவுடன், "அண்ணே, நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறேன். புது பிளேடு போட்டு, ஒரு தடவை மட்டும் மெதுவா இழுங்க" என்று சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. சொன்னால் தொழில் தெரிந்தவர் அதற்கேற்பக் கை வைப்பார். புதிய பிளேடு தம் கண்முன்னே பிரிக்கப்படுவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் தேய்க்கும் ஒரே படிகாரக் கல்லை வெட்டின் மேல் தேய்க்க விடக்கூடாது. சொந்தப் படிகாரத் துண்டு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

மயிலம் முருகன் கோயில், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் போன்றவற்றில் முடி காணிக்கை செலுத்துவது இப்பகுதி மக்களின் வழக்கம். தலைத்தோலில் இரத்த ஓட்டம் மிகுதி. அங்கே சிறு வெட்டும் முகத்து வெட்டைவிட அதிகமாகக் கசியும். மொட்டை போடும் முன் மாத்திரையைப் பற்றிச் சொல்வது, புதிய பிளேடு கேட்பது, முடி நீளமாக இருந்தால் முதலில் டிரிம்மரால் குறைப்பது ஆகியவை அவசியம். வெட்டு விழுந்தால் இரத்தம் நின்றபின்பே சந்தனம் பூச வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்றால் பூமுடி கொடுத்து வேண்டுதலை நிறைவேற்றும் வழக்கமும் உண்டு.

வெட்டுப்பட்டால் முதலுதவி

1. உட்கார்ந்துகொண்டு, சுத்தமான துணியை வெட்டின் மேல் வைத்து விரலால் அழுத்த வேண்டும்.

2. கடிகாரத்தைப் பார்த்து முழுமையாக 10 நிமிடம் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாக உண்டான அடைப்பு பிய்ந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பெரும்பாலும் இரத்தம் நிற்காததற்குக் காரணம் மாத்திரையன்று, இந்த அவசரமே.

3. நிற்கவில்லையென்றால் மேலும் 10 நிமிடம் அழுத்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்தால் இரத்தக்குழாய் சுருங்கும்.

4. சிறு கீறலாக இருந்தால் நனைத்த படிகாரத்தை அதன் மேல் வைக்கலாம். படிகாரம் மேற்பரப்பிலுள்ள புரதங்களை இறுகச் செய்து கசிவை அடைக்கிறது. ஆழமான வெட்டுக்கு அது போதாது.

5. நின்றபின் பொருக்கைப் பெயர்க்கக் கூடாது. அன்று அவ்விடத்தில் மீண்டும் மழிக்கக் கூடாது. உப்பளத்துக்குச் செல்ல நேர்ந்தால் ஒட்டுப் பட்டையால் மூட வேண்டும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மூக்குப்பொடி, மண்ணெண்ணெய் ஆகியவற்றைக் காயத்தில் வைக்கக் கூடாது. அவை தொற்றை உண்டாக்கும், காயம் எவ்வளவு ஆழம் என்பதையும் மறைத்துவிடும். துருப்பிடித்த பிளேடு வெட்டியதற்காகத் தடுப்பூசி போடச் சென்றால், மாத்திரையைப் பற்றிச் செவிலியரிடம் கூறி, ஊசி போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்துவதன் ஆபத்து

சவர வெட்டில் இழக்கும் இரத்தம் சில துளிகள். மாத்திரையை நிறுத்துவதால் இழக்கக்கூடியது கை, கால், பேச்சு அல்லது உயிர். இதயத் துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு பிறரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. வார்ஃபரின் அந்த வாய்ப்பை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. செயற்கை வால்வு உள்ளவர் மாத்திரையை நிறுத்தினால் வால்வின் மேலேயே இரத்தம் கட்டி, அது திறந்து மூட முடியாமல் போகலாம். ஸ்டென்ட் வைத்தவர் மருத்துவர் சொன்ன காலத்துக்கு முன்பே நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். இவற்றுக்குச் சட்டையில் பட்ட இரத்தம்போல் முன்னெச்சரிக்கை இராது.

ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுச் செயல்பட வேண்டும்.

சவர வெட்டு தரும் எச்சரிக்கை

வார்ஃபரின், அசினோகூமரால் உட்கொள்வோருக்கு இரத்தம் உறையும் வேகம் ஐ.என்.ஆர். என்னும் பரிசோதனையால் அளக்கப்படுகிறது. மருந்து உட்கொள்ளாதவருக்கு இது சுமார் 1. துடிப்பு ஒழுங்கின்மைக்கு 2 முதல் 3 வரையும், சில வகைச் செயற்கை வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்குமாறு மருத்துவர் அளவை வகுப்பார்.

எப்போதும்போல் அதே கையால், அதே ரேசரால் மழித்தும், வழக்கமாக ஐந்து நிமிடத்தில் நிற்கும் கசிவு இப்போது கால்மணி நேரம் நீடித்தால், அதற்குக் காரணம் தேட வேண்டும். ஐ.என்.ஆர். அளவு ஏறியிருக்கலாம். இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் மருந்துக்கடையில் தாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் இரத்தக்கசிவை மிகுவிக்கும். மெட்ரோனிடசோல், ஃப்ளுகோனசோல் போன்றவை வார்ஃபரினின் வலிமையைக் கூட்டும். உள்ளடக்கம் தெரியாத பொடி, லேகியங்களும் இவ்வாறே செய்யக்கூடும். முருங்கைக்கீரை போன்ற கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை, வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்பதே முறை. வெயிலில் நீரிழப்பு ஏற்பட்டுச் சிறுநீரகம் தளர்ந்தால் டாபிகட்ரான் உடலில் தேங்கும் என்பதால் உப்பளத் தொழிலாளர்கள் வேலை நேரத்தில் போதிய நீர் அருந்துவதும் இதில் அடங்கும்.

மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது:

1. இடைவிடாமல் 20 நிமிடம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லை, அல்லது பீய்ச்சி அடிக்கிறது.
2. ஈறிலோ மூக்கிலோ இரத்தம் நிற்காமல் வருகிறது.
3. மலம் தார்போல் கறுத்து, அல்லது சிறுநீர் சிவந்து போகிறது.
4. அடிபடாமலே உடலில் பெரிய நீலத் தடிப்புகள் தோன்றுகின்றன.
5. தலையில் அடிபட்டது. வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே இரத்தம் கசியலாம்.
6. திடீரெனக் கடும் தலைவலி, வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் ஏற்படுகின்றன.

இத்தகைய நிலையில் 108 ஊர்தியை அழைக்கலாம். மரக்காணம் பகுதியினருக்குப் பெரிய மருத்துவமனைகளாக முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் உள்ளன. மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ளும் காரணம், கடைசி ஐ.என்.ஆர். அளவு ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டையைச் சட்டைப்பையிலோ பணப்பையிலோ எப்போதும் வைத்திருந்தால், பேச இயலாத நிலையிலும் மருத்துவருக்குத் தேவையான செய்தி உடனே கிடைத்துவிடும்.